மூணே முக்கால்

எடை பார்க்கிற வரிசை சுகாதார நிலையத்தின் வராந்தாவைத் தாண்டி, படியிறங்கி, வெயிலில் நின்றது. லாண்டிரி அக்கா குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் துண்டைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் ஊன்றி நின்றாள். நீராவி லாண்டிரியில் பகல் முழுக்க நின்றுகொண்டே ஆஸ்பத்திரி விரிப்புகளையும் ஓட்டல் விரிப்புகளையும் தேய்க்கிறவளுக்கு நிற்பது பெரிய காரியமில்லை.  சுகாதார நிலையத்து மருந்து வாசனைதான் எப்போதும் அவளுக்கு ஆகாது.

பின்னால் தம்பி பெண்டாட்டி நின்றாள். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். ரோட்டு இலாகாவில் பெயிண்டரான தம்பி மாதத்தில் பாதி நாள் ரோட்டோரக் கூடாரத்தில் இருந்தான். அதனால் சின்னவள் தாய்வீட்டிலேயே பிள்ளையைப் பெற்று, ஒரு மாதம் இருந்து உடம்பு தேறி, அந்த வாரம்தான் வந்திருந்தாள். பெற்றவள் அவள் என்றாலும், பஸ்ஸை விட்டு இறங்கிய நிமிஷத்திலிருந்து குழந்தை அக்காவின் கையில்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. அக்காவும் ஒரு காலத்தில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றவள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடைசியில் முகமெல்லாம் உப்பிப்போய், ஒரு மத்தியானம் அவள் மடியிலேயே அது அடங்கிப்போயிற்று. அதற்கப்புறம் புருஷனும் ஒட்டவில்லை. தம்பியோடு வந்துவிட்டாள்.

அந்த வருஷம்தான் அரசாங்கம் பழைய அளவுகளை ஒழித்துக்கட்டிவிட்டுப் புது அளவைக் கொண்டுவந்தது. மைல் போய் கிலோமீட்டர், பவுண்டு போய் கிலோ. ரேடியோவில் பாட்டுக்கு நடுவே அதையும் ஒரு பாட்டாகப் பாடினார்கள். ஒரே நாளில் மாற்றினால் ஜனங்கள் தடுமாறுவார்கள் என்று துறைதுறையாக மாற்றச் சொல்லி உத்தரவு. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் சுகாதார நிலையத்துக்கு எடை மிஷின் வாங்குவது ஒரு துறை, சுவரில் ஒட்டுகிற அட்டவணை அச்சடிப்பது இன்னொரு துறை. மிஷின் முந்தின நாள் சாயங்காலம் வந்து இறங்கிவிட்டது. அட்டவணை வரவில்லை; சுவரில் பழசே இருந்தது. புது அளவைப் பற்றிப் பயிற்சி கொடுக்கிறோம் என்று நர்சம்மாவைத் தலைநகருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஆயா மட்டும் இருந்தாள்.

ஆயா நல்லவள். பெருக்கித் துடைத்து, குழந்தைகளைத் தட்டில் படுக்கவைத்து, முள் நிற்கிற நம்பரைச் சத்தமாகச் சொல்லுவாள். இத்தனை வருஷமும் அவள் வேலை அதுதான். அந்த நம்பர் எந்த அளவில் என்று அவளும் கேட்டதில்லை, யாரும் அவளுக்குச் சொன்னதுமில்லை.

"மூணே முக்கால்!" என்றாள் ஆயா.

அக்காவுக்குக் காது அடைத்தது. "என்னது?"

"மூணே முக்கால்."

"சரியாப் பாருங்கம்மா. துணி கிணி சிக்கியிருக்கப் போகுது."

ஆயா குனிந்து பார்த்தாள். குழந்தை காலை உதைத்தது. முள் ஆடி, மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது. "அதேதான். மிஷின் புதுசு, பொய் சொல்லாது. பொறந்தப்போ எவ்வளவு?"

"ஆறரை," என்றாள் சின்னவள்.

ஆயா சுவரைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். வரிசையாகக் குழந்தைப் படங்கள், படத்துக்குக் கீழே நம்பர். ஒரு மாதக் குழந்தையின் கீழே எட்டு என்று பச்சைக் கட்டத்தில் போட்டிருந்தது. ஆறுக்குக் கீழே போனால் சிவப்பு. மூணே முக்காலுக்கு அந்தச் சிவப்பிலும் இடமில்லை.

"ஏன் ஆயா இப்படி?" என்றாள் அக்கா.

"நான் என்னத்தைச் சொல்ல? இன்னிக்குக் காலையிலேருந்து வந்த புள்ளைங்க எல்லாத்துக்கும் இதே கதைதான். எல்லாம் பாதிக்குப் பாதி. வெயில் இப்படிக் கொளுத்தினா பால்ல சத்து எங்கேருந்து வரும்? டப்பா பால் வாங்கிக் குடு. அடுத்த ஆளு வா, வா, வெயில்ல நிக்குது பாரு."

படியிறங்கும்போது சின்னவள் சொன்னாள்: "அண்ணி, தொடையைப் பாருங்க. மடிப்பு விழுந்திருக்கு. இளைச்ச புள்ளைக்கு மடிப்பு விழுமா?"

"அது சதை இல்ல, வீக்கம். எம் புள்ளைக்கும் கடைசியில அப்படித்தான் புசுபுசுன்னு இருந்துச்சு."

"நல்லாச் சிரிக்குது அண்ணி."

"அதுவும் சிரிச்சுது," என்றாள் அக்கா.



போகிற வழியிலேயே அக்கா டப்பா பாலும் புட்டியும் வாங்கினாள். வீடு என்றால் இரண்டு அறை. முன்னறையில் கட்டில், பின்னறையில் அடுப்பு, அதை ஒட்டி ஒரு குளியலறை, தண்ணீருக்குச் சந்துமுனைக் குழாய். அக்கா ஸ்டவ்வைப் பற்றவைத்துப் புட்டியைக் கொதிக்கவைத்தாள். டப்பாவின் மேல் போட்டிருந்த கணக்கைப் படித்துப் பார்த்தாள். அவள் குழந்தைக்கு அந்தக் காலத்தில் மாமியார் டப்பா பாலைத் தண்ணீர் மாதிரி கலந்து கொடுத்தது ஞாபகம் வந்தது. அந்தத் தப்பு இந்த வீட்டில் நடக்கக் கூடாது. ஒரு கரண்டி போடச் சொன்ன இடத்தில் இரண்டு கரண்டி போட்டாள். சீக்கிரம் ஏறட்டும்.

குழந்தை முதலில் துப்பியது. பிறகு பசி தாங்காமல் குடித்தது.

"எனக்குப் பால் கட்டிக்கிட்டு வலிக்குது அண்ணி. ஒரு வேளையாவது நான் குடுக்கறேன்."

"பீய்ச்சி விட்டுடு. வயித்தை அதால ரொப்பிட்டா இதை எப்படிக் குடிக்கும்?"

லாண்டிரிக்கு லீவு சொல்லி அனுப்பினாள். மேனேஜர் முகத்தைத் தூக்கிக்கொள்வார், ஓட்டல்காரன் விரிப்புக்காகக் கத்துவான். கத்தட்டும். கதவைத் திறந்தால் அனல் காற்று, சாத்தினால் புழுக்கம். அக்கா கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையல் சின்னவள் பொறுப்பு. கஞ்சியும் முட்டையும் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். அக்கா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்துவாள். இரண்டு பெண்களும் ஒருத்தர் காலடிச் சத்தத்துக்கு ஒருத்தர் காது கொடுத்தபடி அந்த இரண்டு அறைக்குள் நடமாடினார்கள்.

மறுநாள் அக்கா குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்பினபோது கட்டிலில் குழந்தை இல்லை. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தமும் இல்லை, மக்குச் சத்தமும் இல்லை. குடத்தைக்கூட இறக்காமல் கதவை முழங்கையால் தள்ளினாள். கவிழ்த்த வாளியின் மேல் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது.

"திருட்டுத்தனமா?"

"எம் புள்ளைக்குத்தானே குடுக்கறேன்! இதுல என்ன திருட்டு?"

"நீ குடுக்கறது பால் இல்லடி, தண்ணி. வெறும் தண்ணி! ஆறரையில பொறந்ததை மூணே முக்கால்ல கொண்டாந்து நிறுத்தியிருக்கே. அதைக் கொன்னுட்டுத்தான் ஓய்வியா?"

சொன்ன பிறகு அக்காவுக்கே ஒரு கணம் திக்கென்றது. சின்னவளின் முகம் வெளுத்துப்போனது.  அவள் அழவில்லை. குழந்தையின் வாயை விரலால் மெல்ல விடுவித்து, அதன் உதட்டைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அக்கா குடத்தை வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். 

அடுத்த நாள் சாயங்காலம் தம்பி வந்தான். முழங்கை வரைக்கும் வெள்ளைப் பெயிண்ட், தலைமுடியில் தார் வாசனை. மைல் கல்லையெல்லாம் கிலோமீட்டர் கல்லாக மாற்றுகிற வேலை அவனுக்கு. பழைய நம்பரை அழித்து, வெள்ளையடித்து, புது நம்பர் போட வேண்டும். வழியில் போகிறவன் எல்லாம் லாரியை நிறுத்தி, "என்னய்யா, நேத்து அஞ்சுன்னு போட்டிருந்தது, இன்னிக்கு எட்டுங்கறே, ஊரை நகத்திட்டீங்களா?" என்று கேட்பானாம். அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று வந்தவன், வீட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவள் பின்னறை நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ அங்க போய்ப் பார்த்தியே, அப்போ எப்படி இருந்துச்சு?" என்றாள் அக்கா.

"நான் என்னத்தைக்கா கண்டேன்? துணியில சுத்திக் குடுத்தாங்க. மூஞ்சி மட்டும் தெரிஞ்சுது. சின்னதாத்தான் இருந்துச்சு." அவன் பெயிண்ட் கையைக் குழந்தையின் மேல் படாமல் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். "மிஷின் புதுசுங்கறே. புது அளவு கிது அளவுன்னு ஏதாச்சும் மாத்தியிருப்பாங்களோ?"

நிலையில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். அறைக்குள் ஒரு நிமிஷம் காற்று வந்த மாதிரி இருந்தது.

தம்பியே தலையை ஆட்டி அதை மறுத்தான். "ம்ஹூம். அப்படி இருக்காது. புது அளவுன்னா நம்பர் ஏறும்க்கா, இறங்காது. அஞ்சு எட்டாகும், பத்து பதினாறாகும். நான் தினம் அதைத்தானே எழுதறேன்? புது அளவா இருந்தா பத்து பன்னண்டுன்னுல்ல காட்டியிருக்கும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள் அக்கா. அவன் எதைச் சொன்னான் என்று அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. நம்பர் இறங்கிவிட்டது என்பது மட்டும் புரிந்தது.

"ஏங்க, நாளைக்கு வேற இடத்துல ஒரு தடவை எடை பார்த்துட்டு வருவோமா?" என்றாள் சின்னவள்.

"அக்கா சொல்றதைக் கேளு. அது ஒண்ணைப் பறிகொடுத்தவ. அதுக்குத் தெரியாதா?"

சின்னவள் புருஷனைப் பார்த்த பார்வையை அக்கா கவனிக்கவில்லை. புட்டிக்குத் தண்ணீர் சூடுபண்ணப் போய்விட்டாள்.

விடியும்போது குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதலில் ஒரு துணி, பிறகு அடுத்தடுத்து. புட்டியை வைத்தால் குடித்து, குடித்ததைக் கக்கியது. வெயில் ஏறுவதற்குள் அழுகையும் நின்றுவிட்டது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. உச்சந்தலை குழிந்திருந்தது. அக்கா அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். முன்னொரு தடவை வைத்துப் பார்த்த அதே விரல். 

"தம்பி, எந்திரி! எந்திரிடா!"

சின்னவள் அதற்குள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வாசலில் இறங்கியிருந்தாள். முதல் தடவையாக அக்கா அவள் பின்னால் ஓடினாள். தம்பி சட்டையைக் கையில் பிடித்தபடி முன்னால் ஓடி, பால் வண்டி ஒன்றைக் குறுக்கே நின்று மறித்தான்.

நர்சம்மா பயிற்சி முடிந்து வந்திருந்தாள். குழந்தையைக் கண்டதும் வரிசையை ஒதுக்கிவிட்டு உள்ளே கூப்பிட்டாள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளினது கிள்ளினபடியே நின்றது.

"எப்பலேருந்து? என்ன குடுத்தீங்க?"

"டப்பா பால்," என்றாள் அக்கா.

"எப்படிக் கலந்தீங்க?"

"ஒண்ணுக்கு ரெண்டா. சத்து வேணும்னு."

"அம்மா பால்?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள்.

"உங்களைத்தான் கேக்கறேன். அம்மா பால் குடுக்கறீங்களா இல்லையா?"

"நிறுத்திட்டோம்," என்றான் தம்பி.

நர்சம்மா பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையைத் தூக்கித் தட்டில் வைத்தாள். "மூணே கால். போன தடவை எவ்வளவு?"

"மூணே முக்கால்," என்றாள் வாசலில் நின்ற ஆயா.

"அரை கிலோ கொட்டிடுச்சே! ஆயா, உப்புத்தண்ணி பாட்டிலை எடு. ஊசி போடற தட்டு எங்கே? சீக்கிரம்."

"கிலோவா?" என்றான் தம்பி.

அவன் மட்டும்தான் அந்த வார்த்தையைப் பிடித்தான். "நர்சம்மா, இது கிலோவா? பவுண்டு இல்லையா?"

"பவுண்டு போயி எவ்வளவு நாளாச்சு? மிஷின்ல கிலோன்னு போட்டிருக்கே, பார்க்கல?" நர்சம்மா குழந்தையின் காலில் நரம்பைத் தேடிக்கொண்டே பேசினாள்.

"அப்போ மூணே முக்கால் கிலோன்னா... பழைய கணக்குல?"

"எட்டு பவுண்டுக்கு மேல. தங்கமான எடை. அதைப் போயி டப்பா பாலைக் கரைச்சு..." அவள் கை நின்றது. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம், எட்டு, ஆறு. பிறகு ஆயாவைப் பார்த்தாள். ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒடுங்கினாள்.

"நான் சொன்னேன்," என்றாள் சின்னவள். அவ்வளவுதான் சொன்னாள், அதையும் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

 பெயிண்ட் காய்ந்த கையால் தலையில் அடித்துக்கொள்ளப் போனவனை நர்சம்மா ஒரு பார்வையில் நிறுத்தினாள். "அதெல்லாம் வெளியில வெச்சுக்கோ. ஊசி ஏறட்டும். காலை யாராவது பிடிங்க."

அக்கா கையை நீட்டினாள்.

"நீங்க வேணாம் அண்ணி," என்றாள் சின்னவள். "வெளியில இருங்க."

அக்கா வெளியே வந்தாள். வராந்தாவில் எடை பார்க்க வந்த பெண்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். உள்ளேயிருந்து என்ன சத்தம் வந்தாலும், வராவிட்டாலும், உடம்பு தூக்கிவாரிப் போட்டது. ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை. வேண்டிக்கொள்கிற யோக்கியதை தனக்கு உண்டா என்று உள்ளுக்குள் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆயா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னைத் திட்டு," என்றாள். "அன்னிக்கு வந்தது எத்தனை புள்ளைங்க! எத்தனை பேருக்கு டப்பா பால்னு சொன்னேனோ. நர்சம்மா வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வரச் சொல்றாங்க. எந்தெந்த வீடுன்னு எனக்கு என்ன தெரியும்? திட்டுடி, ஏதாச்சும் சொல்லு."

 ஆயா மீது அக்காவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெயில் வராந்தாவை விட்டு இறங்கிப் போன பிறகு நர்சம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மூத்திரம் போச்சு. இனிமே பயமில்லைன்னு நினைக்கறேன். ரெண்டு மூணு நாள் இங்கேயே இருக்கட்டும்."

அக்கா எழுந்தாள். கால் மரத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நர்சம்மா, ஒண்ணு கேக்கணும். தாய்ப்பால்ல சத்து இல்லாமப் போகுமா? சில பேருக்கு அது வெறும் தண்ணியா இருக்கும்னு சொல்வாங்களே?"

"யார் சொன்னது? பட்டினி கிடக்கறவளுக்கும் பால் பாலாத்தான் இருக்கும்."

"டப்பா பாலைத் தண்ணியாக் கலந்து குடுத்தா?"

"ரொம்ப நாள் அப்படிக் குடுத்தா சத்தில்லாம உடம்பு ஊதும். மூஞ்சி, கால் எல்லாம் உப்பிப் போகும். கெட்டியாக் கலந்தா இப்படி வத்தும். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

நர்சம்மா உள்ளே போய்விட்டாள். அக்கா மறுபடியும் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாகத் தன் மார்பை ஒரு கெட்டுப்போன பண்டம் மாதிரி அவள் உள்ளே சுமந்துகொண்டிருந்தாள். உன் பால் தண்ணி என்று சொன்ன மாமியாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. யாரிடம் போய்க் கேட்பது? குளியலறையில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்த சின்னவளின் முகம் எதிரே வந்து நின்றது. அந்த வயதில் தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அதைப் பார்க்க அன்றைக்கு வீட்டில் ஒருவரும் இல்லை. அக்கா முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள். அவள் அழுவதை ஆயா பார்த்தாள். இந்தக் குழந்தைக்காக அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வீடு திரும்பிய பிறகு குழந்தை மெல்ல மெல்லத் தேறியது. சின்னவளுக்கு வற்றத் தொடங்கியிருந்த பாலும் நாள் போகப் போகத் திரும்பி வந்தது. அது வருகிற வரைக்கும் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். தம்பி ஒரு நாள் உட்கார்ந்து அழுதான். அவனோடு அவள் பேசினாள். அக்காவோடு, வேண்டியதற்கு மட்டும். கஞ்சி இருக்கு அண்ணி. குழாய்ல தண்ணி வந்துடுச்சு அண்ணி. அக்காவும் குழந்தையைத் தூக்கவில்லை. அது அழுதால் கை தானாக எழும். எழுந்த கையை வேறு வேலையில் போடுவாள். லாண்டிரிக்குத் திரும்பப் போனாள். மேனேஜர் கத்த வேண்டியதைக் கத்தி முடித்தார்.

அடுத்த எடை நாளைக்கு அக்கா துண்டை எடுத்துக்கொண்டு நின்றபோது, "நீங்க வர வேணாம். நானே போய்க்கறேன்," என்றாள் சின்னவள். அக்கா சரியென்று துண்டை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று ஓட்டல் விரிப்புகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. நீராவி கூரையில் முட்டிச் சொட்டியது. அக்கா இஸ்திரிப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜைக்காரி தோளைத் தட்டி வாசலைக் காட்டினாள். "உன் வீட்டு ஆளா பாரு."

வெளியே, துணி இறக்குகிற வண்டியின் நிழலில், சின்னவள் குழந்தையோடு நின்றிருந்தாள். அவள் ஒரு நாளும் லாண்டிரிப் பக்கம் வந்தவளில்லை. அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினாள். 

"என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஏறியிருக்கு. சுவத்துல புது அட்டவணை ஒட்டியிருக்காங்க. பச்சையில இருக்குன்னு நர்சம்மா சொன்னாங்க."

அக்கா தலையை ஆட்டினாள். சின்னவள் இடது தோளிலிருந்து வலது தோளுக்குக் குழந்தையை மாற்றினாள். வேர்வையில் அவள் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"சந்தையில சாமான் வாங்கணும் அண்ணி. இவனையும் தூக்கிக்கிட்டு அந்தக் கூட்டத்துல போக முடியாது. கொஞ்ச நேரம் வெச்சுக்கறீங்களா?"

அக்கா அவளையே பார்த்தாள்.

"எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சுக்காதீங்க," என்றாள் சின்னவள். அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "நீங்க அன்னிக்குச் சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. எனக்குக் கை வலிக்குது, அதான்."

"இரு," என்றாள் அக்கா. "கை சுடும்."

வாசலோரக் குழாயைத் திறந்து இரண்டு கையையும் தண்ணீரில் நீட்டினாள். இஸ்திரிச் சூடு உள்ளங்கையை விட்டு இறங்குகிற வரைக்கும், அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, திரும்பத் திரும்ப நனைத்தாள். சின்னவள் நிழலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.